நல்லுச்சாமிக்கு மட்டும் கனத்த பிள்ளை

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகிற ரோட்டில், வேப்பமரத்து இலையெல்லாம் பஞ்சு படிந்து நரைத்துக் கிடக்கிற ஓரிடத்தில், நூல் மில்லின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி எதிரும் புதிருமாக நிற்கிற லைன் வீடுகளில், எல்லார் இடுப்பிலும் தொற்றிக்கொண்டு திரிந்த ஒரு பெண்பிள்ளை, பெற்ற தகப்பனுக்கு மட்டும் தூக்க முடியாதபடி கனத்துப்போனாள். கனிஷ்கா என்று பெயர். மூன்று வயது இன்னும் நிரம்பவில்லை. தண்ணீர் லாரிக்காரன் அவளை ஒற்றைக் கையால் அள்ளி மடியில் வைத்துக்கொண்டு ஹாரன் அடிக்க விடுவான், பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் ஓர் இடுப்பில் குடமும் மறு இடுப்பில் அவளுமாக அசைந்து அசைந்து வருவாள், பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள்கூட அவளை உப்புமூட்டை ஏற்றிக்கொண்டு லைனைச் சுற்றி ஓடுவார்கள். அவளுடைய அப்பன் நல்லுச்சாமி குனிந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் மட்டும் எல்லைக்கல்லை ஊன்றி வைத்ததுபோல நின்ற இடத்திலேயே நின்றாள்.

நல்லுச்சாமி மில்லில் ராத்திரி ஷிப்டுக்காரன். வெயில் ஏறின பிறகு, புருவத்திலும் காது மடலிலும் பஞ்சோடு வீட்டுக்கு வந்து, இருக்கிற ஒற்றை அறையின் சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, காதுக்குள் இன்னும் நிற்காமல் ஓடுகிற மெஷினோடு படுப்பான். அவன் படுத்துக் கண்ணை மூடுகிற நேரம் பார்த்துத்தான் பிள்ளை இட்லி தின்ற கையோடு தலைமாட்டில் வந்து நிற்கும். "அப்பா, தூக்கு." ஆரம்பத்தில் எழுந்து தூக்கினான். பிறகு படுத்தபடியே தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டான். பிறகு ஒருநாள் தூங்குவதுபோலக் கிடந்து பார்த்தான். பிள்ளை கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. அட, இவ்வளவு லேசான காரியமா இது என்று தோன்றியது. மறுநாளும் அப்படியே கிடந்தான். அதற்குப் பிறகு அதுவே பழகிப்போனது. பிள்ளை அவன் கண்ணிமையைச் சின்ன விரலால் விலக்கிப் பார்க்கும், அவன் கருவிழியை மேலே செருகிக்கொள்வான். மூக்கடியில் கையை வைத்துப் பார்க்கும், அவன் மூச்சை நீளமாக விடுவான். பிறகு பிள்ளை ஓசைப்படாமல் வெளியே போய், வாசலில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள்மேல் ஏறிக்கொள்ளும்.

லைனுக்கு இது தெரியும். நல்லுச்சாமி நிஜமாகத் தூங்கினால் குறட்டை அடிகுழாய் வரைக்கும் கேட்கும், குழாயடிப் பெண்கள் அந்தத் தாளத்துக்குத் தண்ணீர் அடிப்பதாகக் கேலி பேசுவார்கள். "அப்பா, தூக்கு" என்கிற குரல் கேட்கிற நேரத்தில் மட்டும் குறட்டை இருக்காது. ஒற்றைச் செங்கல் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்து இருந்து, அடுத்த வீட்டில் கேட்டதைக் கேட்காததுபோல வைத்துக்கொள்ள அவர்கள் எல்லாருமே பழகியிருந்தார்கள். அவரவர் வீட்டுச் சத்தமும் சுவர் தாண்டித்தானே போகிறது.

மில்லுக்கு லீவு விட்டிருந்த ஒரு நாள் பகலில், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பொட்டலில் யாரோ ஒரு கட்சிக்காரர் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறார் என்று லைனே திரண்டு சுவரோரம் போய் நின்றது. சுவர் ஆளுயரத்துக்கு மேலே. ஆம்பளைகள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கித் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். நல்லுச்சாமி அன்றைக்குத் தூக்கம் நிறைந்து எழுந்திருந்தான், முகம் தெளிந்திருந்தது, கேட்காமலே மகளைத் தேடிப்போய் வா தூக்கிக் காட்டுகிறேன் என்றான். பிள்ளை கை இரண்டையும் உயர்த்திக்கொண்டு நின்றது. அவன் தூக்கினான். வரவில்லை. சிரித்துக்கொண்டே காலை அகட்டி வைத்து மறுபடி தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது, வரவில்லை. பிள்ளை தானும் கொஞ்சம் எம்பிப் பார்த்தது, அப்போதும் வரவில்லை. அதற்குள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஹெலிகாப்டர் இறங்க ஆரம்பித்துவிட, பஞ்சவர்ணம் என்ன தம்பி விளையாடிக்கிட்டு என்று அவனைத் தள்ளிவிட்டு, ஒரே வீச்சில் பிள்ளையை அள்ளித் தோளில் வைத்துக்கொண்டாள். பிள்ளை எல்லார் தலைக்கும் மேலே உட்கார்ந்து கைதட்டியது. நல்லுச்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைச் சுற்றி எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று அவன் முதுகுக்குத் தெரிந்தது.

யாரும் அதிசயப்படவில்லை. காயலாங்கடை ஜபருல்லா பாய் இரும்பு நிறுக்கிற தராசை எடுத்துவந்து பிள்ளையை அதில் உட்காரவைத்துப் பார்த்தார். அந்த வயசுப் பிள்ளைக்கு என்ன இருக்குமோ அதுதான் இருந்தது. நல்லுச்சாமி தராசுத் தட்டோடு சேர்த்துத் தூக்கட்டும் என்றார். தட்டின் சங்கிலி அறுந்துபோனது. பாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, தராசுமேல் குற்றமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பெரியாஸ்பத்திரி டாக்டர் பிள்ளையைப் பார்க்காமல் நல்லுச்சாமியின் முதுகைப் பார்த்து, கனமானது எதையும் தூக்காதே என்று மாத்திரை கொடுத்தார்.

அதற்குப் பிறகு லைன் மாறிப்போனது. வேலை முடிந்து வருகிற ஆம்பளைகள் முகம் கழுவுவதற்கு முன்னால், சைக்கிளைச் சாய்த்த கையோடு, தெருவே பார்க்கும்படி தங்கள் பிள்ளைகளை ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார்கள். தூக்குகிறபோது சாதாரணமாக இருப்பதுபோல வேறெதையாவது பேசினார்கள். பெண்களுக்கு இது நல்ல ஆயுதமாகப் போயிற்று. என்ன மூச்சு வாங்குது, பிள்ளை கனக்குதா, இல்லை வெயிலில் வந்த களைப்பா என்று வாசலில் உட்கார்ந்தபடியே கேட்டார்கள். சீட்டாட்டப் பைத்தியமான சடையாண்டி, தன் மகன் முந்தாநாளைவிட இன்றைக்குக் கொஞ்சம் கனக்கிறானே என்று பயந்துபோய், பயலுக்கு இட்லியைக் குறைத்துப் போடச் சொல்லிப் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆனால் அன்றிலிருந்து சீட்டுக்கட்டைக் கையால் தொடவில்லை. இப்படி ஒருவனுக்குப் பிள்ளை கனத்ததைப் பார்த்து ஊரிலிருக்கிற பிள்ளைகளெல்லாம் ஆகாயத்தில் மிதக்க ஆரம்பித்தார்கள், சாயங்காலமானால் லைன் முழுக்க அப்பன்மார் கையில் பிள்ளைகள் உயர்ந்து உயர்ந்து இறங்கினார்கள். நல்லுச்சாமி அந்த நேரத்தில் தெருவில் நிற்பதை நிறுத்திக்கொண்டான்.

அவனைக் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பான். யாரும் செய்யவில்லை. அவன் பிள்ளையோடு ஷேர் ஆட்டோவுக்கு நின்றால் டிரைவர் கேட்காமலே இறங்கிவந்து பிள்ளையைத் தூக்கி உள்ளே வைத்தார், நீங்க முன்னாடி வாங்கண்ணே, பாப்பா பின்னாடி இருக்கட்டும், உங்க மடியில உக்காந்தா வண்டி மேடு ஏறாது என்று சாதாரணமாகச் சொன்னார். மளிகைக் கடையில், சலூனில், அங்கன்வாடிப் படியில், அவன் குனிவதற்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு கை வந்து பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தது, கால் இல்லாதவனுக்கு வழிவிடுகிற மாதிரி மெதுவாக, பேச்சில்லாமல். அந்த ஒவ்வொரு கைக்கும் அவன் ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது.

இதற்கு ஒரு காரணத்தையும் லைன்காரர்களே தேடிக் கொடுத்தார்கள். அவன் பெண்டாட்டி வளர்மதிக்கு வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, ஆற்றங்கரை மாரியாத்தாளிடம் நேர்ந்துகொண்ட பிறகு பிறந்தவள் கனிஷ்கா. பிள்ளை பிறந்தால் கரும்பில் தொட்டில் கட்டித் தூக்கிக் கோயிலைச் சுற்றி வருகிறோம் என்பது வேண்டுதல். கரும்பின் முன் நுனியை, முன் கரும்பு என்பார்கள், தகப்பன் தோளில் தாங்க வேண்டும், பின் கரும்பைத் தாய். கைக்குழந்தையாக இருக்கும்போதே செய்திருக்க வேண்டியது. இந்தத் திருவிழாவுக்கு லீவு இல்லை, அடுத்ததற்கு உடம்பு அசதி என்று தள்ளித் தள்ளி, பிள்ளை நடந்து ஓடிப் பேசவும் ஆரம்பித்துவிட்டது. பஞ்சவர்ணம் தான் கண்டுபிடித்ததுபோல அறிவித்தாள்: ஆத்தா பிள்ளைக்குள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு நேர்ந்ததைச் செய்யாமல் எப்படி இறங்குவாள். லைன் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. காரணம் அது இல்லை என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரியும், சுவர் அவளுடைய சுவர்தானே. ஆனாலும் அவன் போர்த்திக்கொள்ள ஒன்று வேண்டும் என்று கொடுத்தாள். நல்லுச்சாமியும் வாங்கிப் போர்த்திக்கொண்டான். ஆத்தா கோபம், என்ன செய்வது என்று மில்லிலும் சொன்னான். சொல்லுகிறபோது நாக்கு கூசியது.

வருகிற திருவிழாவிலேயே வேண்டுதலைச் செய்துவிடுவதென்று நாள் குறித்தார்கள். வளர்மதியின் அண்ணன் முருகானந்தம் ஜேசிபி ஓட்டுகிறவர், தோள் இரண்டும் வாசல் அகலம், நல்ல மனுஷன். விஷயம் கேள்விப்பட்டு வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"மாப்ள, முன் கரும்பு நான் புடிச்சுக்கறேன். இதுல என்ன இருக்கு. பிள்ளை நல்லா இருந்தா போதும்."

நல்லுச்சாமிக்கு அப்பாடா என்று இருந்தது, தலையைக்கூட ஆட்டிவிட்டான். வளர்மதி டம்ளரை எடுக்க வந்தவள் எடுக்காமல் நின்றாள். அண்ணனை வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். அந்தப் பக்கத்து ஊர்களில் தாய்மாமன் முன் கரும்பு பிடிப்பது வழக்கத்தில் உண்டு, தகப்பன் செத்துப்போன பிள்ளைக்கு அப்படித்தான் செய்வார்கள். மஞ்சள் புடவைத் தொட்டிலுக்கு முன்னால் மாமனைப் பார்த்துவிட்டால் கூட்டத்தில் இருக்கிற பெண்கள் பின்னால் வருகிற தாயின் நெற்றியைத்தான் பார்ப்பார்கள்.

"நீங்க உசுரோட நிக்கையில எங்கண்ணன் முன்னாடி புடிச்சா, பின்னாடி நான் யாரா நடந்து வரட்டும்?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. "அதை மட்டும் சொல்லிட்டு நீங்க தூங்குங்க."

அவன் தூங்கவில்லை. அன்றிலிருந்து மில்லில் மற்றவர்கள் இருவராகச் சேர்ந்து தூக்குகிற நூல் மூட்டையைத் தனியாகத் தூக்கிப் பழகினான், அரிசி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு லைன் கோடிக்குப் போய்த் திரும்பினான், கை உரமேறிப் பழைய சட்டை தோளில் பிரிந்துபோனது. காலையில் வந்ததும் படுக்காமல் பிள்ளையைக் கூப்பிடுவான். பிள்ளை ஓடிவந்து, தையல்காரனுக்கு அளவு கொடுப்பதுபோலக் கையிரண்டையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அவன் குனிவான், பல்லைக் கடிப்பான், கண்ணுக்குள் பூச்சி பறக்கும். தரைக்கும் அவள் பாதத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை போகாது. போதும் என்று அவன் கையை எடுத்ததும் பிள்ளை கையை இறக்கிவிட்டு விளையாடப் போய்விடும். அவளாக வந்து தூக்கு என்று கேட்பது எப்போதோ நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தான். அந்த நாள் அவனுக்கு நினைவில் இல்லை.

திருவிழா அன்று உச்சிவெயிலில் லைன் முழுக்க இரண்டு குட்டியானை வண்டிகளில் ஏறிக் கோயிலுக்குப் போய் இறங்கியது. கோயிலைச் சுற்றிக் கருங்கல் பாவின பிரகாரம், ஆற்று மணலைவிடச் சுட்டது. பஞ்சவர்ணம் தோகை வெட்டாத கரும்புகளைச் சேர்த்துக் கட்டினாள், வளர்மதியின் மஞ்சள் புடவையை இரண்டாக மடித்துத் தொட்டிலாக முடிந்தாள், முருகானந்தம் மருமகளைத் தூக்கி அதில் போட்டுவிட்டு இரண்டடி தள்ளி, ரொம்பவும் தள்ளிப்போகாமல், நின்றுகொண்டார். பிள்ளை கொலுசுக் காலை மடக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தது. பம்பைக்காரர் அடிக்க ஆரம்பித்தார். தூக்குங்க தூக்குங்க, பின்னால ஆள் நிக்கறாங்க என்று பூசாரி அவசரப்படுத்தினார்.

வளர்மதி பின் கரும்பைத் தோளில் வைத்து எழுந்தாள்; அவள் பக்கம் பூவாக எழுந்தது. நல்லுச்சாமி முன் கரும்புக்கு அடியில் தோளைக் கொடுத்து எழுந்தான். கரும்பு வில்லாக வளைந்தது. கணு ஒன்று படாரென்று வெடித்து, சாறு வழிந்து அவன் கழுத்தில் இறங்கி மார்புக்கு ஓடியது, ஈ வந்து மொய்த்தது, அவனால் தட்டிவிட முடியவில்லை. தொட்டிலின் அடிப்பாகம் கல்லில் கிடந்தது. பம்பைக்காரர் ஒரு சுற்று அடித்து முடித்து மறுபடி முதலிலிருந்து அடித்தார். அடுத்த தொட்டில்காரர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். முருகானந்தம் ஒரு எட்டு முன்னால் எடுத்து வைத்தார். வளர்மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது கனம் விட்டது. ஒரேயடியாக விட்டதில் அவன் முன்னால் தடுமாறி விழப்போய்ச் சமாளித்தான். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று நினைத்தான், நிஜமாகவே நினைத்தான், கண்ணில் தண்ணீர் முட்டியது. கரும்பு நிமிர்ந்தது, தொட்டில் எழுந்தது, பெண்கள் குலவை போட்டார்கள், அவன் தலையை உயர்த்திக்கொண்டு ஓர் அடி, இன்னோர் அடி, கோயிலின் முதல் மூலை வரைக்கும் அரசன் மாதிரி நடந்தான். அங்கே திரும்புகிறபோதுதான் கவனித்தான்: எதிரே நிற்கிறவர்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தொட்டிலையும் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் தரையில் இருந்தது. பிறகு பம்பைச் சத்தத்துக்கு அடியில் கொலுசுச் சத்தம் கேட்டது. தொட்டிலில் இருக்கிற பிள்ளையின் கொலுசு குலுங்குகிற சத்தம் இல்லை அது. நடக்கிற சத்தம்.

திரும்பிக் குனிந்து பார்த்தான். மஞ்சள் புடவையின் இரண்டு மடிப்புக்கும் நடுவே காலை விட்டு இறங்கி, புடவைக்குள் தலை மறைந்தபடி, பிள்ளை நடந்து வந்துகொண்டிருந்தது. வெளியே பாதம் இரண்டும் மட்டும் தெரிந்தன. சுடுகிற கல்லில் அவை வேகவேகமாக வைத்து வைத்து எடுத்தன.

நல்லுச்சாமி நின்றுவிட்டான். கரும்பை இறக்கப்போனான். உள்ளேயிருந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், பிள்ளை சொன்னது.

"நிக்காத. நடப்பா."

நடந்தான். வேறு என்ன செய்ய முடியும். அவனுக்கு முன்பே லைன்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசாமல் முடிவு செய்துகொண்டுவிட்டார்கள். பஞ்சவர்ணம் கொலுசுச் சத்தத்தை அமுக்கும்படி அடிவயிற்றிலிருந்து குலவையை இழுத்தாள், மற்ற பெண்கள் அதை வாங்கி இழுத்தார்கள். பம்பைக்காரர் கிட்டே நெருங்கி வந்து அடித்தார். சடையாண்டி எங்கிருந்தோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைப் பிடித்து வந்து, ஏதோ சம்பிரதாயம் போல, தொட்டில் போகிற வழியெல்லாம் கல்லில் ஊற்றிக்கொண்டே முன்னால் நடந்தான்; வெயில் அதை ஊற்ற ஊற்றக் குடித்தது. அடுத்த தொட்டில்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முருகானந்தம் கையைக் கட்டிக்கொண்டு கோபுரத்துப் பொம்மைகளைப் பார்த்தார். பின்னால் வளர்மதி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அரிசி மூட்டை தூக்கின தோள், நூல் மூட்டை தூக்கின தோள், காற்றை மட்டும் ஏந்திக்கொண்டு கோயிலை முழுக்கச் சுற்றி வந்தது, அவ்வளவு கனமான ஒன்றை அவன் அதுவரைக்கும் சுமந்ததில்லை.

சந்நிதிக்கு நேரே வந்ததும் பூசாரி கற்பூரத் தட்டோடு நின்றார். அவர் தரையைப் பார்த்தார், வளர்மதியின் நெற்றியைப் பார்த்தார், பிறகு நல்லுச்சாமியைப் பார்த்து, கூட்டத்துக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"போதும்யா. பிள்ளையை இறக்கு."

நல்லுச்சாமி முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, கனமான எதையோ வலிக்காமல் தரையில் வைக்கிறவன்போல மெல்ல மெல்ல இறக்கினான். ஏற்றாததை இறக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. புடவை கல்லில் படிந்ததும் மடிப்புக்குள்ளிருந்து பிள்ளை வேர்த்து நனைந்து வெளியே வந்தது, தலைமயிரில் கரும்புத் தோகை ஒட்டியிருந்தது. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு அப்பனிடம் வந்து, லைன் முழுக்கக் கேட்கட்டும் என்பதுபோலச் சத்தமாகக் கேட்டது.

"தூக்கிட்டே வந்தியே, கை வலிக்குதாப்பா?"

இல்லை என்று சொன்னால் அவள் இவ்வளவு தூரம் நடந்து கட்டி எழுப்பினது இடிந்துபோகும். ஆமாம் என்று சொன்னால் இன்னொரு தடவை கண்ணை மூடிப் படுப்பதுபோல ஆகும்.

"வலிக்குதும்மா," என்றான்.

பிள்ளை அவனுடைய கையிரண்டையும் பிடித்து இழுத்து விரித்து வைத்துக்கொண்டது. கரும்புச் சாறு பிசுபிசுத்த, ஒரு கீறல்கூட இல்லாத உள்ளங்கைகள். ஊர் பார்க்க அவற்றை நீட்டிக்கொண்டு அவன் நிற்க, பிள்ளை உதட்டைக் குவித்து இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றி மாற்றி ஊதியது, ஊதிக்கொண்டே, கல்லின் சூடு தாங்காமல், ஒரு காலை எடுத்து மறுகாலின்மேல் வைத்துக்கொண்டது.